பவளத் தொட்டியில் படரும் பாசி

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோரத்தில் விழிஞ்ஞம் என்னும் பழைய துறைமுக ஊர் உள்ளது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமொன்று அங்கு அமைந்திருக்கிறது. கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் காட்சியகம் ஒன்றையும் அம்மையம் உருவாக்கியது. இத்தகைய காட்சியகங்களுக்குச் செல்வோரின் கண்கள் முதலில் மீன்களையே நாடும். ஆரஞ்சு நிற உடலில் வெண்பட்டைகள் தரித்த கோமாளி மீன், கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன், மணலில் மெல்ல ஊரும் சங்கு என ஒவ்வொன்றும் வியப்பூட்டும். தொட்டியைப் பேணுவோரின் பார்வை வேறு. அவர்கள் நாள்தோறும் முதலில் நோக்குவது கண்ணாடியின் ஓரத்தையும் பாறையின் இடுக்கையும்தான். அங்கே பச்சை நூல்போல ஏதேனும் துளிர்த்துள்ளதா என்பதே அவர்களது அன்றாடக் கவலை.

அந்தப் பச்சை நூலின் பெயர் பாசி. பாறசாலைப் பகுதியில் மலையாளம் பேசுவோர் இதனைப் 'பாயல்' என்பர். குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கச் செய்வதும், கிணற்றின் உள்சுவரில் பட்டுப்போல் படிவதும், கடலில் முழ நீளத்திற்கு வளர்ந்து அலையில் ஆடுவதும் இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவதற்கு 'மீன்பாசி ஏலம்' என்றே பெயர். மீனையும் பாசியையும் ஒரே சொல்லில் பிணைத்த அந்த வழக்கு கருதத்தக்கது. மீன் உள்ள நீரில் பாசி இராது என்று யாரும் எண்ணியதில்லை. ஆயினும் பவளப்பாறையை ஒத்த சூழலைக் கண்ணாடித் தொட்டிக்குள் அமைக்க முயல்வோருக்குப் பாசியே பெரும் இடர். துடைத்தால் ஒரு வாரத்தில் மீண்டும் வருகிறது. பிய்த்து எறிந்தால் இரு மடங்காகத் துளிர்க்கிறது. மருந்து ஊற்றினால் பாசி மடிவதோடு மீனும் மடிகிறது.

பவளத்திற்குள் வாழும் பாசி

பாசியை அறவே ஒழித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். அது இயலாது, விரும்பத்தக்கதும் அன்று. பவளம் என்பது செடியோ கல்லோ அன்று. மிகச்சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கென வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வளர்வதே பவளப்பாறை. இந்த உயிரிகளின் உடல் திசுக்களுக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு அவை உணவு தயாரித்து, அதன் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் பவள உயிரிக்கு அளிக்கின்றன. பவள உயிரியோ தன் கழிவுகளை அவற்றுக்கு உரமாகத் தருகிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களுக்கும் பெரும்பாலும் இப்பாசிகளே காரணம். கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடையும்போது பவளம் இவற்றை வெளியேற்றிவிடுகிறது. அப்போது வெண்ணிற எலும்புக்கூடு புலப்படுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் இந்த வெளிறல் பெருமளவில் நிகழ்ந்தது.

ஆகவே பவளத் தொட்டியில் இருவகைப் பாசிகள் உள்ளன. ஒன்று உள்ளிருந்து பவளத்தை வாழவைப்பது. மற்றொன்று வெளியிலிருந்து பவளத்தின்மேல் படர்ந்து, ஒளியை மறைத்து, அதனை மூச்சுத் திணற வைப்பது. பாசியைக் கொல்லும் மருந்துகள் பலவற்றுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. வெளியிலுள்ள பாசி முழுவதும் ஒரே நாளில் மடிந்தாலும் துன்பமே. அழுகும் பாசி நீரிலுள்ள ஆக்சிசனை உறிஞ்சிவிடும். இரவில் ஒளியும் இல்லாதபோது மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து தவிக்கும்.

ஒரு கிராம் தீவனத்தின் கணக்கு

பாசி வளர மூன்று பொருள்கள் போதும்: ஒளி, நீர், உரம். தொட்டியில் ஒளியும் நீரும் எப்போதும் உண்டு. எனவே கவனிக்க வேண்டியது உரம். யாரும் தொட்டியில் உரம் இடுவதில்லையே என்று கேட்கலாம். நாள்தோறும் இடுகின்றனர். அதற்கு மீன் தீவனம் என்று பெயர்.

மீன் உண்ட தீவனத்தின் ஒரு பகுதி கழிவாக வெளியேறுகிறது. உண்ணாமல் விட்ட பகுதி பாறை இடுக்கில் தங்கி அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் மீனுக்குப் பெருந்தீங்கு இல்லை. ஆனால் பாசிக்கு அது விருந்து. வயலில் இடப்படும் யூரியாவும் மண்ணில் ஏறத்தாழ இதே வழியில்தான் நைட்ரேட்டாக மாறிப் பயிருக்குச் சேர்கிறது.

நைட்ரேட்டோடு பாஸ்பேட்டும் சேர்கிறது. உலர் தீவனத்தில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் இருப்பதாகக் கொள்வோர், 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு எளிய கணக்குப் போடலாம். ஒரு கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் ஆகும். 200 லிட்டரில் அது கரைந்தால், ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். இயற்கைப் பவளப்பாறைகளைச் சூழ்ந்த கடல்நீரில் பாஸ்பேட்டு பொதுவாக லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் குறைவு. அதாவது ஒரே நாளில் இடப்படும் ஒரு சிட்டிகைத் தீவனம், கடலில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு பாஸ்பேட்டைத் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அன்பின் மிகுதியால் மூன்று வேளையும் தீவனம் தூவும் வீடுகளில் பாசி செழிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தண்ணீரும் ஐயத்திற்குரியதே. மனிதர் குடிக்கும் நீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. குடிப்பதற்கு முற்றிலும் தகுந்த கிணற்று நீர்கூட, வாழைக்கும் மரவள்ளிக்கும் உரமிடும் தோட்டத்தின் நடுவே அமைந்த கிணறாயின், பவளத் தொட்டிக்கு உரக்கரைசலாகவே அமையும். ஆகவேதான் சவ்வு வழியே வடிகட்டிய தூய நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒரு கிலோகிராம் நீருக்கு 35 கிராம் உப்பு இருக்குமாறு அமைத்துக்கொள்கின்றனர்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. தொட்டியிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ளேயே தங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம் உப்பளங்களில் பாத்தி கட்டிய நீர் வற்ற வற்ற உப்பு இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வற்றிய அளவை ஈடுசெய்ய உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்ற வேண்டும். கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றி வந்தால், அதிலுள்ள உரம் மாதந்தோறும் தொட்டிக்குள் திரண்டுகொண்டே போகும்.

எந்தப் பாசி என்று அறிதல்

எல்லாப் பாசிக்கும் ஒரே மருத்துவம் இல்லை. புதிதாக அமைத்த தொட்டியில் சில வாரங்களுக்குள் மணலின்மீது பழுப்புத் தூள் படிவது இயல்பு. இவை டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள். மணற்சத்தான சிலிக்காவைக் கொண்டு கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்பவை. நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் இவை தாமாகவே குறையும். பதற்றத்தில் தொட்டியைக் கலைத்து மீண்டும் அமைப்போர், தீரவிருந்த நோயைத் தொடக்கத்திலிருந்து வரவழைக்கின்றனர்.

கருஞ்சிவப்பு நிறத்தில் பாறையின்மேல் வழவழப்பான போர்வைபோலப் படர்வது உண்மையில் பாசியே அன்று. நீலப்பச்சைப் பாசி என்று பெயர் பெற்ற ஒருவகைப் பாக்டீரியா அது. நீரோட்டம் குறைந்து, குப்பை தேங்கும் மூலைகளில் இது தோன்றும். நீரோட்டத்தைக் கூட்டிக் குப்பையை உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை ஊற்றுவோரும் உளர். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தொட்டியைக் காத்துவரும் நல்ல பாக்டீரியாக்களையும் அம்மருந்து தாக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பச்சை மணிபோல உருண்டு திரள்வது ஒருவகை. அதனை உடைக்காமல் முழுதாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். உடைந்தால் உள்ளிருக்கும் வித்துகள் பரவக்கூடும். மிகப் பிடிவாதமானது தலைமுடி போன்ற பச்சைப் பாசி. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் வேரூன்றியதுபோல் பற்றிக்கொண்டு, மேலே விரலளவு நீண்டு அலையும். பவளத் தொட்டியைக் கைவிட்டவர்களுள் பலரை அம்முடிவுக்குத் தள்ளியது இதுவே.

இதன் பிடிவாதத்திற்குக் காரணம் பாறையிலேயே இருக்கிறது. தொட்டியில் அடுக்கப்படும் பாறை சுண்ணாம்பால் ஆனது. நீரில் பாஸ்பேட்டு மிகும்போது சுண்ணாம்பு அதனைத் தன்மேல் ஈர்த்து வைத்துக்கொள்ளும்; நீரில் குறையும்போது சிறிது சிறிதாக வெளிவிடும். ஓராண்டுக் காலம் மிகையாகத் தீவனமிட்ட தொட்டியில், இன்று தீவனத்தைப் பாதியாகக் குறைத்தாலும், பாறை தன் பழைய இருப்பிலிருந்து பாசிக்கு உணவளித்துக்கொண்டே இருக்கும். சோதனைக் குப்பியில் நீரை எடுத்துப் பார்த்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்று காட்டும். பாசி அடர்ந்த தொட்டியில் அந்தச் சுழியத்தை நம்பலாகாது. உரம் இல்லை என்பது அதன் பொருளன்று. வந்த உரம் அனைத்தையும் பாசி அக்கணமே உண்டுவிட்டது என்பதே பொருள்.

நத்தைக்கு ஒரு வேலை

உயிரினங்களைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் கலை தொடங்கிய நாளிலேயே பாசியும் உடன் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் பெண்மணி கடலோரத்தில் கிடைத்த பவள உயிரிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். காற்றூட்டும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்குக் கடல்நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தே நீரில் காற்றைக் கலக்க வைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின், அதே நகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் நன்னீர்த் தொட்டியொன்றில் மீனையும் நீர்ச்செடியையும் ஒன்றாக வளர்த்தார். செடி ஆக்சிசனைத் தரும், மீன் கழிவைத் தரும், இரண்டும் ஒன்றையொன்று வாழ வைக்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரியே. ஆனால் அழுகிய இலைகளாலும் பச்சைப் படலத்தாலும் தொட்டி கெடத் தொடங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை அவர் உள்ளே விட்டபோது, அவை அழுகலையும் படலத்தையும் மேய்ந்து தீர்த்தன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. மூன்றாவதாக ஓர் உயிர் சேர்ந்த பிறகே அந்தத் தொட்டி நிலைபெற்றது.

மேயும் உயிர் இல்லாத இடத்தில் பாசியை மனிதக் கையால் மட்டும் அடக்க இயலாது என்பதற்குக் கடலே சான்று. கரிபியன் கடலிலுள்ள ஜமைக்காத் தீவின் பாறைகளில் கரிய நீள முள்களையுடைய கடல் முள்ளெலிகள் இரவெல்லாம் பாசியை மேய்ந்து வந்தன. மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட அக்கடலில் எஞ்சிய மேய்ப்பாளர் அவையே. 1983ஆம் ஆண்டளவில் ஏதோ ஒரு நோய் பரவி, அவை ஏறத்தாழ முழுவதும் மடிந்தன. 1977ஆம் ஆண்டில் பாறையின் பரப்பில் 52 விழுக்காட்டை மூடியிருந்த உயிருள்ள பவளம், 1990களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சுருங்கியது. 4 விழுக்காடாக இருந்த பாசி 92 விழுக்காடாகப் பெருகியது. புயலும் இதற்குத் துணைநின்றது. எனினும் மேய்வார் இருந்திருந்தால் புயலில் சிதைந்த பவளம் மீண்டு எழ இடம் கிடைத்திருக்கும்.

கேரளத்திற்கும் இதுபோன்ற கதை ஒன்று உண்டு. அதன் முடிவு மகிழ்ச்சியானது. ஆப்பிரிக்கப் பாயல் என்று மக்கள் அழைத்த மிதக்கும் செடி 1950களில் திருவனந்தபுரத்தின் வேளி ஏரியில் காணப்பட்டது. பெயர் பாயலாயினும் அது பாசியன்று, நீரில் மிதக்கும் பெரணி வகை; தாயகம் ஆப்பிரிக்காவும் அன்று, தென் அமெரிக்கா. சில ஆண்டுகளில் காயல்களையும் நெல்வயல்களையும் மூடிப் படகும் நகர முடியாதபடி செய்தது. வாரி எடுத்தும் தீரவில்லை. 1980களில் அதனை மட்டுமே உண்டு வாழும் சிறு கூன்வண்டு ஒன்று கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. பல இடங்களில் அந்த வண்டே பாயலை அடக்கியது.

பவளத் தொட்டியிலும் இப்பணிக்கு ஆட்கள் உண்டு. கூம்பு வடிவ ஓடுடைய கடல் நத்தைகள் கண்ணாடியில் படியும் இளம்பாசியைச் சுரண்டி உண்ணும். துறவி நண்டுகள் இடுக்குகளில் துழாவும். சிறிய முள்ளெலி ஒன்று பாறையையே மொட்டையடித்துவிடும். தமிழகக் கடற்கரையில் 'ஓரா' என வழங்கப்படும் மீனினம் நீண்ட பாசியை ஆவலோடு தின்னும். ஆனால் அது வளரும் மீன், சிறு தொட்டியில் அடைப்பது கொடுமை. மேய்ப்பவை எல்லாம் இளந்தளிரையே விரும்பும். விரலளவு முற்றிய பாசியை நத்தை தொடாது. முதலில் மனிதர் கையால் பிடுங்க வேண்டும். பிறகு துளிர்ப்பதை நத்தை பார்த்துக்கொள்ளும்.

பொறுமையான மருத்துவம்

பிடுங்குவதற்கும் முறை உண்டு. பாசி மிகுந்த பாறையை இயன்றால் தனியே எடுத்து, தொட்டியிலிருந்து முகந்த உப்புநீரில் வைத்துத் தூரிகையால் தேய்க்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் நூலின் துணுக்குகள் நீரோட்டத்தில் சிதறி வேறு பாறைகளில் ஒட்டிக்கொள்ளும். எடுக்க முடியாத பாறையாயின், ஒரு கையால் பிய்க்கும்போதே மறு கையில் குழாயைப் பிடித்து உறிஞ்சி வெளியேற்றுவர். வெளியேறும் ஒவ்வொரு பிடிப் பாசியும் தான் உண்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தன்னோடு கொண்டு செல்கிறது. ஆதலால் பிடுங்குதல் வெறும் துப்புரவன்று. உரத்தை அறுவடை செய்வதும் ஆகும்.

இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஆடி. 1980ஆம் ஆண்டில் வாஷிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்த பவளப்பாறைத் தொட்டிக்கு அவர் ஓர் ஏற்பாடு செய்தார். தனியே ஒரு தட்டில் வலைவிரித்து, வலுவான விளக்கொளியில், வேண்டுமென்றே பாசியை வளர்த்தார். தொட்டியின் நீர் அத்தட்டின்மேல் ஓடித் திரும்பியது. உரம் முழுவதையும் தட்டிலிருந்த பாசி உண்டது. அதனை அவ்வப்போது வழித்து எறிந்தனர். பாசிக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தே பவளத்தின் இடத்தைக் காத்தார் எனலாம். இன்றும் பலர் தொட்டியின் கீழ் ஒரு சிறு அறை அமைத்து அதில் கடற்பாசியை வளர்க்கின்றனர்.

நீரை மாற்றுவதும் அவ்வாறே சிறுகச் சிறுகப் பயன் தருவது. நைட்ரேட்டு லிட்டருக்கு 40 மில்லிகிராம் உள்ள தொட்டியில் வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால், முதல் வாரம் 30, அடுத்து 22.5, பின்னர் 17, நான்காம் வாரம் 13க்கும் சற்றுக் குறைவு எனத் தணியும். இடையில் புதிதாகச் சேர்வது இக்கணக்கில் இல்லை. ஒரே நாளில் முழு நீரையும் மாற்றி விரைந்து முடிக்க விரும்பினால், திடீர் மாற்றத்தைத் தாங்காமல் பவளம் சுருங்கும். நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியும், பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகளும் துணை செய்யும். உறைந்த இறால் தீவனத்தை வலையில் இட்டு அலசிவிட்டுப் போடுவதும், நாளைக்கு எட்டு அல்லது பத்து மணி நேரம் மட்டும் விளக்கு எரிப்பதும், சன்னல் வெயில் நேரே விழாத இடத்தில் தொட்டியை வைப்பதும் செலவில்லாத மருத்துவங்கள்.

இதிலும் மிகை தீது. கடல்சார் உயிர்ப்பொருள்களில் கார்பன், நைட்ரசன், பாஸ்பரஸ் ஆகியவை சராசரியாக 106:16:1 என்ற விகிதத்தில் அமைவதை அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் இரெட்ஃபீல்டு எடுத்துரைத்தார். பவளத்திற்கும் அதனுள் வாழும் பாசிக்கும் இவை சிறிதளவேனும் வேண்டும். உரத்தை முற்றிலும் அகற்றிவிட்ட தொட்டிகளில் பவளம் வெளிறிப் பட்டினி கிடப்பதையும், சளிபோல் இழுபடும் வேறொரு நுண்ணுயிர் வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்வதையும் வளர்ப்போர் கண்டுள்ளனர்.

மேற்கூறிய முறைகளைக் கடைப்பிடித்தாலும் முடிவு தெரிய இரண்டு அல்லது மூன்று மாதங்கள் ஆகும். பாறை தன் இருப்பைத் தீர்க்க அவ்வளவு காலம் வேண்டும்.

குருசடைத் தீவில் நேர்ந்தது

தொட்டியில் நிகழ்வது தமிழகக் கடலிலும் நிகழ்ந்துள்ளது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில் அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி, 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பாம்பனுக்கு அருகிலுள்ளது குருசடைத் தீவு. அக்கரையோர மகளிர் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி முதலியவற்றைக் கடலுக்குள் மூழ்கிச் சேகரித்து வாழ்ந்து வருபவர்கள். பாசி அவர்களுக்குப் பகையன்று, சோறு.

கப்பாஃபைகஸ் என்னும் செம்பாசி இனம் பிலிப்பைன்ஸ் கடற்பகுதிக்குரியது. ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றைக் கெட்டிப்படுத்த உதவும் காராஜீனன் என்னும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. 1980களில் ஆய்வுக்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அது, பின்னர் மண்டபம் கடலில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி மூங்கில் தெப்பங்களில் கட்டி வணிக முறையில் வளர்க்கத் தொடங்கினர். 45 நாள்களில் ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகும் பயிர் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அதனால் வருவாய் பெற்றனர். இன்றும் பாக் நீரிணைப் பகுதியில் பெறுகின்றனர்.

அந்தப் பாசி விதையின்றியே பரவ வல்லது. ஒடிந்த துண்டு ஒன்று எங்கு சென்று சிக்குகிறதோ அங்கேயே தழைக்கும். குருசடைத் தீவின் கொம்புப் பவளங்கள்மேல் அது போர்வைபோலப் படர்ந்து, ஒளியை மறைத்து, அடியிலிருந்த பவளங்களைக் கொன்றுவருவதாக 2008ஆம் ஆண்டில் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் கட்டுரை வெளியாயிற்று. வனத்துறையினர் ஆட்களைக் கொண்டு கையால் அகற்றத் தொடங்கினர். பவளக் கிளைகளின் இடுக்கில் விடுபட்ட சிறு துண்டுகளிலிருந்து அது மீண்டும் முளைத்தது. தொட்டியில் தூரிகையோடு போராடுபவர்க்கு நேர்வதே அங்கும் நேர்ந்தது; அளவு மட்டுமே வேறு. வருவாய் தரும் பயிரா, பவளத்தைக் கொல்லும் களையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. இரண்டு தரப்பும் உண்மையே பேசுகின்றன. எந்த இடத்தில் வளர்ப்பது என்பதே வினா.

ஹவாய்த் தீவின் கனியோஹே விரிகுடாவிலும் இதே இனம் 1970களில் புகுந்தது. அங்குப் படகில் பெரிய உறிஞ்சு குழாயைப் பொருத்தி, மூழ்குவோர் பாசியைப் பிய்த்துக் குழாய்க்குள் ஊட்டினர். அதன்பின், 2011ஆம் ஆண்டு முதல், பண்ணையில் வளர்த்த கடல் முள்ளெலிக் குஞ்சுகளை அப்பாறைகளில் விட்டனர். கை முதலில், மேய்ப்பது பின்னர் என்ற அதே வரிசைதான்.

தொட்டி நீர் எங்கே போகிறது?

1984ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலில், மொனாக்கோ நகரின் புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகத்திற்குக் கீழே, ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் அயல்நாட்டுப் பாசி ஒன்று காணப்பட்டது. காலெர்ப்பா என்பது அதன் பெயர். மீன்தொட்டிகளை அழகுபடுத்த ஐரோப்பியக் காட்சியகங்களில் வளர்க்கப்பட்டு, குளிரையும் தாங்கப் பழகிய வகை அது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு எக்டர் ஆயிற்று. பின்னர் பல நாடுகளின் கடலடிப் புல்வெளிகளை மூடியது. இனி அதனை ஒழிக்க வழியில்லை. 2000ஆம் ஆண்டில் அதே பாசி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கழியில் தென்பட்டபோது, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகள் காவல் காத்து, 2006ஆம் ஆண்டில் ஒழிந்தது என அறிவித்தனர். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியைக் கழுவிய நீரை வடிகாலில் ஊற்றியிருக்கக்கூடும் என்பதே அதன் தோற்றம் பற்றிய பொதுவான கருத்து.

நெய்யாறு பூவாறு என்னும் ஊரில் கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் பொழி திறக்கும்போது வயல், ஓடை, வடிகால் ஆகிய எல்லாவற்றின் நீரும் அவ்வழியே அரபிக்கடலைச் சேரும். நெய்யாற்றின்கரைச் சந்துகளிலோ பாறசாலைத் தோட்டங்களிலோ உள்ள ஒரு வீட்டின் தொட்டி நீருக்கும் அதுவே பாதை. நன்னீர்த் தொட்டிகளில் பாசியை மேய்வதற்கென வாங்கி, பெரிதானதும் குளத்தில் விடப்படும் உறிஞ்சுவாய் மீன்கள், கேரளத்து நீர்நிலைகளிலும் தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஏற்கெனவே பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன.

சட்டமும் இதில் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் கல்பவளங்கள் சேர்க்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் உரிய அதே காப்பு அவற்றுக்கும் உரியது. கடலிலிருந்து பவளத்தை ஒடித்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். ஆதலின் இந்நாட்டு வீடுகளில் கடல்நீர்த் தொட்டி அமைப்போர் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களையும், செயற்கையாக வார்த்த பாறைகளையும் கொண்டு நிறைவு காண்கின்றனர். பாசிக்கு அந்த வேறுபாடு தெரியாது. செயற்கைப் பாறையிலும் அது அதே வேகத்தில் படரும்.

தொட்டியிலிருந்து பிடுங்கிய பாசியை வடிகாலில் எறியாமல், நன்னீரில் அலசி, சிமெண்டுத் தரையில் பரப்பி, சருகாகும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைப்பதே பாதுகாப்பான முறை. உலர்ந்தபின் அதில் உயிர் எஞ்சாது. கரையில் ஒதுங்கும் கடற்பாசியைத் தென்னைக்கு உரமாக இடுவது கடலோரத் தோட்டக்காரர் அறிந்ததே. ஹவாயில் குழாய் உறிஞ்சிய பாசியும் உழவர்களின் வயல்களுக்கே சென்றது. தொட்டியில் மிகையாய்ப் போன தீவனத்தின் நைட்ரசனும் பாஸ்பரசும் அப்போது தென்னையின் வேருக்குப் போய்ச் சேரும்.

பயிற்சி

1. பாசி அடர்ந்த தொட்டியின் நீரைச் சோதித்தபோது நைட்ரேட்டு சுழியம் எனக் காட்டியது. தொட்டியில் உரம் இல்லை என்று முடிவு செய்யலாமா? காரணத்துடன் விளக்குக.

2. 100 லிட்டர் தொட்டியில் நாள்தோறும் அரை கிராம் தீவனம் இடப்படுகிறது. பாடத்தில் உள்ள கணக்கைப் பின்பற்றி, ஒரு நாளில் கூடும் பாஸ்பேட்டின் அளவைக் கண்டறிக.

3. கப்பாஃபைகஸ் வளர்ப்பால் வருவாய் பெறும் ஒரு பெண்ணும், குருசடைத் தீவில் பாசி அகற்றும் வனத்துறைப் பணியாளர் ஒருவரும் உரையாடுவதாகக் கற்பனை செய்து பத்து வரிகளில் எழுதுக.

4. வீட்டுக்கு அருகிலுள்ள குளம் அல்லது கிணற்றில் பாசி எந்த மாதங்களில் மிகுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதற்கான காரணத்தை ஊகித்து எழுதுக.